பழம் கடனாக, பணம் தவணையாக: ருவாண்டாவின் காபிக் கூட்டுறவுகள்

பறித்த காபிப் பழத்துக்கு ஒரு நாள்தான் கெடு. காலையில் செடியிலிருந்து இறங்கிய செம்பழத்தை அன்று இரவுக்குள் தோலுரிக்காவிட்டால் உள்ளுக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். அந்தப் புளிப்பு கொட்டையில் ஏறிவிட்டால், பிறகு எவ்வளவு கழுவினாலும் எப்படி வறுத்தாலும் போகாது. ஆனால் அதே பழத்துக்கான முழுப் பணம் உழவர் கைக்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பொருளையும் பல மாதம் கழித்து வரும் பணத்தையும் இணைக்க வேண்டிய இடம், பழத்தைத் தோலுரித்துக் கழுவிக் காயவைக்கும் கழுவு நிலையம். உழவர்கள் கூடி நடத்தும் நிலையங்கள் இந்த வேலையைச் சரியாகச் செய்கின்றனவா, எப்போது செய்கின்றன, எப்போது தவறுகின்றன என்பதை அறிய ருவாண்டாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே இந்த முழு ஏற்பாடும் ஒரே தலைமுறைக்குள், கிட்டத்தட்ட வெறுங்கையிலிருந்து எழுந்தது.

கட்டாயப் பயிராக வந்த காபி

ருவாண்டாவுக்குக் காபியைக் கொண்டுவந்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஜெர்மானியப் பாதிரிமார்கள். அதை நாடு முழுக்கப் பரப்பியது அடுத்து வந்த பெல்ஜிய ஆட்சி. 1930-களில் ஒவ்வொரு குடும்பமும் காபிச் செடி நட்டே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். விடுதலைக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அரசின் காபி நிறுவனம் விலையை நிர்ணயித்தது. செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றமாகவே நீடித்தது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு காபியிலிருந்து வந்ததால், உழவரின் விருப்பத்தைக் கேட்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

1989 ஜூலையில் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. உலகச் சந்தையில் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. ருவாண்டாவின் அரசுக் கருவூலமும் கிராமத்து அடுப்பும் ஒன்றாகக் காய்ந்தன. அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1994-இல் நூறு நாட்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், இனப்படுகொலையில் கொல்லப்பட்டார்கள். படுகொலைக்குக் காபி விலை காரணம் என்று சொல்வது பெரும் பிழை. அதைத் திட்டமிட்டுச் செய்த மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் விலைச் சரிவு கிராமப்புற வறுமையைக் கடுமையாக்கியது என்பதை மறுக்க முடியாது. போர் ஓய்ந்தபோது செடிகளைப் பராமரிக்க ஆளில்லை. பல வீடுகளில் எஞ்சியிருந்தவர்கள் விதவைகளும் சிறுவர்களும்தான்.

அப்போது ருவாண்டாவில் விளைந்த காபி ஏறக்குறைய முழுவதும் 'சாதாரண' ரகம். மரம் பழுதானது என்பதால் அல்ல. அங்கே பயிராவது போர்பன் என்னும் நல்ல அராபிகா வகை, நிலம் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், மழைக்கும் குறைவில்லை. கெட்டது பதப்படுத்தும் முறை. உழவர்கள் வீட்டிலேயே கைமிஷினிலோ கல்லாலோ பழத்தின் தோலை உரித்து, கிடைத்த பாத்திரத்தில் ஊறவைத்து, தரையில் காயப்போட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள் ஊறியது, இன்னொரு வீட்டில் மூன்று நாள். எல்லாம் ஒரே மூட்டையில் கலந்தன. வாங்கும் வியாபாரியும் தரம் பார்க்கவில்லை. எந்த வீட்டுக் கொட்டைக்கும் ஒரே விலை. நன்றாகச் செய்தவருக்கும் அக்கறையின்றிச் செய்தவருக்கும் ஒரே பணம் என்றால் யார் கூடுதலாக உழைப்பார்கள்?

இரண்டிலிருந்து முந்நூறு

2000-ஆம் ஆண்டு வாக்கில் நாடு முழுக்க இரண்டே கழுவு நிலையங்கள் இருந்தன. பதினைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை முந்நூறை நெருங்கியது. இந்த மாற்றத்தின் முதல் களம், தெற்கே ஹுயே மாவட்டத்தின் மராபா. 1999-இல் அங்குள்ள உழவர்கள் 'அபாஹுசமுகம்பி' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகமும், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமெரிக்க அரசின் உதவிநிதியில் நடத்திய 'பேர்ல்' திட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. 2001-இல் முதல் நிலையம் எழுந்தது. மறு ஆண்டே அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து ஒரு நிறுவனம் மராபா காபியை வாங்கியது. 2003-இல் பிரிட்டனின் செயின்ஸ்பரிஸ் கடைகளில் அது மராபா என்ற ஊர்ப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அதுவரை பெயரற்ற மூட்டையாகக் கப்பலேறிய காபி, ஊர்ப் பெயர் தாங்கிய பொட்டலமானது.

மராபாவின் வெற்றியைப் பார்த்து அரசு 2002-இல் தேசியக் காபித் திட்டம் வகுத்தது. கூட்டுறவுகளும் தனியார் முதலாளிகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் மலைச்சரிவெங்கும் நிலையங்கள் கட்டினார்கள். 2008-இல் 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற சர்வதேசத் தரப் போட்டி ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாக ருவாண்டாவில் நடந்தது. பத்தாண்டுக்கு முன் விலைபோகாத காபியை உலகின் தேர்ந்த சுவைஞர்கள் ஏலத்தில் எடுத்தார்கள்.

நிலையத்தில் ஒரு பழத்தின் பயணம்

அறுவடை மார்ச் முதல் ஜூன் வரை, மழைக்காலத்தோடு சேர்ந்து வரும். குடும்பத்தார் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்கிறார்கள். ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும் என்பதால் ஒரே செடிக்கு ஒரு பருவத்தில் பலமுறை போக வேண்டும். பிறகு கூடையையோ சாக்கையோ தலையில் சுமந்து, சேற்றுப் பாதையில் இறங்கி நிலையத்துக்கு வருகிறார்கள். நீண்ட பின்பகுதி கொண்ட சுமை சைக்கிள்கள் சில கூட்டுறவுகளில் இந்த நடையைக் குறைத்தன. மலைச் சைக்கிள் வடிவமைப்பாளரான டாம் ரிச்சி, 2005-இல் ருவாண்டா வந்து பார்த்த பிறகு இதற்கென்றே வடிவமைத்தவை அவை. பழம் பறித்தது முதல் உரிப்பது வரை கழியும் ஒவ்வொரு மணி நேரமும் தரத்தைத் தின்னும் என்பதால், இங்கே ஒரு சைக்கிள் என்பது தரக்கட்டுப்பாட்டுக் கருவி.

நிலையத்தின் முதல் வேலை தராசுக்கு முன்பே தொடங்கிவிடும். கொண்டுவந்த பழத்தை விரிப்பில் கொட்டி, பச்சைக்காயையும் வற்றியதையும் பூச்சி அரித்ததையும் உழவரே பொறுக்கி எடுக்க வேண்டும். அடுத்து தண்ணீர்த் தொட்டி. நல்ல பழம் மூழ்கும், உள்ளீடற்றது மிதக்கும். மிதப்பதை வழித்தெடுத்து விலைகுறைந்த குவியலில் சேர்க்கிறார்கள். அதன் பிறகுதான் எடை, ரசீது, பணம். பின்மாலையில் வரிசை நீளும்போது தராசின் முன்னால் நடக்கும் பேச்சில்தான் கூட்டுறவின் மானம் இருக்கிறது. எடைக்காரர் முள் நிற்பதற்கு முன்பே எண்ணைச் சொன்னாரா, பொறுக்கித் தள்ளியதில் பாதி நல்ல பழமா, தனக்கு முன்னால் நின்றவரின் பழத்தை ஏன் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அன்றிரவே ஊர் முழுக்கப் பேசப்படும்.

எடை முடிந்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் தோலுரிக்கிறார்கள். கொட்டையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு இளகும்வரை, பெரும்பாலும் ஓர் இரவு, தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். பின் சரிவான வாய்க்காலில் ஓடவிட்டுக் கழுவுகிறார்கள். கனமான கொட்டை முதலில் தங்கும், இலேசானது அடித்துச் செல்லப்படும், அப்படியே தரம் பிரிந்துவிடும். தாள் போன்ற உள்தோலோடு இருக்கும் இந்தக் கொட்டைக்குத் தோட்டக்காரர்கள் சொல்லும் பெயர் பார்ச்மென்ட். ஈரத்தோடு அதை நிழல் பந்தலின் கீழ் மேசைகளில் பரப்புகிறார்கள். ஈரத்தில் உள்தோல் ஊடுருவிப் பார்க்கும்படி மெலிந்திருப்பதால் கறையும் பூச்சித் துளையும் கண்ணுக்குப் படும், காய்ந்துவிட்டால் மறைந்துவிடும். எனவே மேசையின் இருபுறமும் வரிசையாக நிற்கும் பெண்கள், அந்தச் சில மணி நேரத்துக்குள் குறையுள்ளதைக் கையால் பொறுக்கி முடிக்கிறார்கள். பிறகு வெயிலில் உயர்த்திக் கட்டிய கம்பிவலை மேசைகளில் இரண்டு வாரம்போலக் காய்கிறது. மழை தூறினாலும் உச்சி வெயில் எரித்தாலும் ஓடிவந்து மூட வேண்டும். ஈரப்பதம் 11 அல்லது 12 சதவீதத்துக்கு இறங்கியதும் கிடங்குக்குப் போகிறது.

இத்தனைக்கும் மேல் ஒரு தனித் தொல்லை உண்டு. ஆப்பிரிக்கப் பேரேரிப் பகுதியின் காபியில் எப்போதாவது ஒரு கோப்பையில் பச்சை உருளைக்கிழங்கு வாடை அடிக்கும். அன்டெஸ்டியா என்ற நாவாய்ப் பூச்சி பழத்தைத் துளைப்பதோடு இது தொடர்புடையது. ஒரே ஒரு கொட்டை போதும், ஒரு கோப்பையைக் கெடுக்க. தோட்டத்தில் பூச்சியைக் கட்டுப்படுத்துவது, மிதக்கவிட்டுப் பிரிப்பது, கையால் பொறுக்குவது என்று மூன்று கட்டத்திலும் கவனம் வேண்டும். அதாவது, ஒருவர் தோட்டத்தை அலட்சியம் செய்தால் தொட்டியில் கலந்த அத்தனை பேரின் பெயரும் கெடும். கூட்டுறவு ஏன் உறுப்பினரின் தோட்டத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது என்பதற்கு இதுவே விடை.

யாருக்கு யார் கடன் கொடுக்கிறார்கள்?

ருவாண்டாவில் சுமார் 4 லட்சம் குடும்பங்கள் காபி பயிரிடுகின்றன. ஒரு குடும்பத்திடம் இருப்பது பெரும்பாலும் இருநூறு செடிக்கு முன்பின். செடிக்கு இரண்டரைக் கிலோ பழம் என்று வைத்தால், ஆண்டுக்கு 500 கிலோ. ஆறரைக் கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை என்ற கணக்கில் கிட்டத்தட்ட 75 கிலோதான். 60 கிலோ மூட்டையில் ஒன்றேகால். ஏற்றுமதி செய்யும் கொள்கலன் ஒன்று நிரம்ப சுமார் 18 டன் வேண்டும். இந்தக் கணக்கில், ஒரு கொள்கலனுக்குச் சுமார் 240 குடும்பங்களின் முழு ஆண்டு விளைச்சல் தேவை. தனி உழவர் வெளிநாட்டு வாங்குபவரோடு பேரம் பேச முடியாததன் காரணம் அறியாமை அல்ல, அளவு. கூட்டுறவு அந்த அளவைத் தருகிறது.

ஆனால் பண ஓட்டத்தைப் பாருங்கள். மார்ச்சில் முதல் பழம் வந்த அன்றே நிலையம் ரொக்கம் வைத்திருக்க வேண்டும். கழுவிக் காய்ந்து, உமி நீக்கி, தரம் பார்த்து, ஒப்பந்தமாகிக் கப்பலேறி, வாங்கியவர் பணம் அனுப்ப ஆண்டின் கடைசி ஆகிவிடும். இடையிலான மாதங்களுக்கு யாராவது முதல் போட்டாக வேண்டும். உள்ளூர் வங்கிகளின் வட்டி கடுமை. ரூட் கேபிடல் போன்ற சமூகக் கடன் நிறுவனங்கள் வெளிநாட்டு வாங்குபவரின் ஒப்பந்தத்தையே பிணையாக ஏற்றுக் கடன் தருகின்றன. அப்படியும் போதாதபோது, கடன் தருபவர் உழவரே. பழத்தைத் தந்துவிட்டு, ரசீதோடு திரும்பிப் போகிறார். பணம் பிறகு வருகிறது.

இது ஒருவழிக் கடன் அன்று. நல்ல நிலையம் அறுவடைக்கு முன்பே உரமும் மருந்தும் முன்பணமும் தரும். பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் கைகொடுக்கும். பருவ முடிவில், விற்ற விலையைக் கணக்கிட்டு இரண்டாம் தவணை கொடுக்கும். உழவர் அந்த நிலையத்துக்கே பழத்தைக் கொடுப்பேன் என்கிறார். நிலையம் பருவ முடிவில் பங்கைத் தருவேன் என்கிறது. இவற்றில் பெரும்பாலானவை எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அல்ல. எழுதினாலும் ஐம்பது கிலோ பழத்துக்காக யாரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை. வாக்கு மட்டும்தான் பிணை. கழுவு நிலையத்தின் உண்மையான மூலதனம் சிமென்ட் தொட்டியும் இயந்திரமும் என்று நினைப்பவர்கள் தவறும் இடம் இதுதான்.

போட்டி வந்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கை

வாங்குபவர்கள் கூடினால் விற்பவருக்கு லாபம் என்பது பொருளியலின் முதல் பாடம். ருவாண்டாவில் நிலையங்கள் பெருகியபோது எல்லாரும் எதிர்பார்த்ததும் அதுவே. ரொக்கோ மக்கியவெல்லோ, அமீத் மொர்ஜாரியா என்ற இரு பொருளியலாளர்கள் நாட்டின் நிலையங்களையும் அவற்றுக்குப் பழம் தரும் உழவர்களையும் நேரில் விசாரித்து ஆராய்ந்தார்கள். 2021-இல் வெளியான அவர்களது முடிவு இந்தப் பாடத்தைத் திருத்திப் படிக்க வைக்கிறது. அருகில் இன்னொரு நிலையம் வந்த இடங்களில் முன்பணம், உரம், இரண்டாம் தவணை ஆகிய வழக்கங்கள் குறைந்தன. நிலையங்களின் செயல்திறன் சரிந்தது. நிலையங்களுக்கு உழவர்கள் தந்த பழத்தின் மொத்த அளவும் குறைந்தது. உழவர்கள் முன்பைவிட மோசமான நிலைக்கே போனார்கள்.

காரணம் எளிது. உரத்துக்கு முன்பணம் வாங்கியவர், அறுவடையன்று பத்து ருவாண்டா பிராங்க் கூடக் கொடுக்கும் அடுத்த நிலையத்துக்குப் பழத்தைக் கொண்டுபோக முடியும். அப்படிச் சிலர் செய்தாலே நிலையம் அடுத்த ஆண்டு யாருக்கும் முன்பணம் தராது. பழம் பிரிந்து போனதால் தொட்டிகள் பாதி காலியாக ஓடும். கிலோவுக்கான செலவு ஏறும். இரண்டாம் தவணை தர மிச்சம் இருக்காது. இரண்டாம் தவணை வராது என்று தெரிந்த உழவர் மறுபடி வீட்டிலேயே தோலுரித்து, ரொக்கத்துக்கு வியாபாரியிடம் விற்பார். வாக்கு முறிந்ததும் தரமும் பழைய இடத்துக்கே திரும்புகிறது.

எல்லை வகுத்த அரசு

அரசு கண்ட தீர்வு, எல்லைக் கோடு. 2016-இல் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டது. அந்த வட்டாரத்து உழவர் அந்த நிலையத்துக்கே பழம் தர வேண்டும். வெளியார் உள்ளே வந்து வாங்கக் கூடாது. தேசிய வேளாண் ஏற்றுமதி வாரியம் பழத்துக்குக் குறைந்தபட்ச விலையை அறிவித்தது.

தமிழ்நாட்டுக் கரும்பு உழவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. வெட்டிய கரும்பும் நாள் கடந்தால் சர்க்கரை இழக்கும். ஆலைக்கு ஓயாமல் சரக்கு வேண்டும். ஆகவே 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை ஆலைக்கு வட்டாரம் ஒதுக்க வழி செய்தது. அதே ஆணை 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நிலுவைத் தொகைக்காக உழவர்கள் ஆலை வாசலில் உட்காரும் செய்தி நமக்குப் பழகிப்போனது. உழவரைக் கட்டிப்போடும் பாதி உடனே அமலாகிறது; ஆலையைக் கட்டிப்போடும் பாதி ஏட்டோடு நிற்கிறது. ருவாண்டாவிலும் நடந்தது இதுவே. வேறு இடம் போக முடியாத உழவருக்கு நல்ல விலை தர நிலையத்துக்கு என்ன கட்டாயம்? குறைந்தபட்ச விலை பல இடங்களில் அதிகபட்ச விலையாகவே நின்றது. உழவர் தன் வீட்டாரின் உழைப்பையும் கூலியாகச் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த விலை செலவுக்கே கட்டுபடியாகவில்லை என்று கள ஆய்வுகள் கூறின. பின்னர் அரசே இந்த எல்லை விதியைக் கைவிட்டது.

எல்லையற்ற போட்டி வாக்கை உடைத்தது. சட்டத்தின் எல்லை வாக்கையே தேவையற்றதாக்கியது. இரண்டிலும் உழவருக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு வழியில் கரைந்தது. உழவர் தானாக விரும்பி அந்த நிலையத்துக்கே வருவதற்கு இரண்டும் மாற்றாகாது.

கூட்டுறவு தருவது, தராதது

நன்றாக நடக்கும் கூட்டுறவுகளில் இந்த விருப்பத்தைப் பார்க்க முடிகிறது. கிவு ஏரிக்கரையில் ருட்சிரோ மாவட்டத்தின் 'கோபகாமா' சங்கத்தில் பெண் உறுப்பினர்கள் 'எஜோ ஹேசா' என்ற தனிக் குழுவாக இயங்குகிறார்கள்; அவர்களது காபி தனியே விற்கப்படுகிறது. செடி கணவன் பெயரில், வேலை மனைவி தலையில் என்றிருந்த குடும்பங்களில், ரசீது பெண்ணின் பெயரில் எழுதப்படுவது சின்ன மாற்றமன்று. பள்ளிக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் யார் கையிலிருந்து போகின்றன என்பதை அது மாற்றுகிறது.

படுகொலையில் உறவை இழந்தவர்களும், அதைச் செய்தவர்களின் குடும்பத்தாரும் ஒரே மேசையில் நின்று கொட்டை பொறுக்கும் நிலையங்கள் ருவாண்டாவில் உண்டு. யுட்டா டோபியாஸ், காரல் பூத்ரோ என்ற ஆய்வாளர்கள் நிலையங்களோடு தொடர்புடைய உழவர்களிடமும் தொழிலாளரிடமும் விசாரித்தார்கள். பொருளாதார நிலையில் நிறைவு கண்டவர்களிடம் மற்றத் தரப்பார் மீதான அவநம்பிக்கை குறைந்திருந்ததைக் கண்டார்கள். காபி மன்னிப்பைக் கொண்டுவந்தது என்று இதை ஊதிப் பெருக்குவது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. ஒரே தராசில், ஒரே விதியின்கீழ் நிற்பது மனிதர்கள் மீண்டும் பேசத் தொடங்க ஒரு காரணம் தருகிறது என்ற அளவில் இதை ஏற்கலாம். அதுவே பெரிய காரியம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நிலையம் கட்டுவதற்கு நிதி தந்தவர்கள் பலர். கணக்கு எழுதக் கற்றுத்தந்தவர்கள் சிலர். அளவுக்கு மீறிய கொள்ளளவோடு கட்டி, கடனில் மூழ்கிய சங்கங்கள் உண்டு. செயலாளரும் கணக்கரும் மட்டுமே புரிந்துகொள்ளும் ஏடுகள் உண்டு. கழுவிய நீரையும் உரித்த தோலையும் ஓடையில் விட்டுக் கீழே குடியிருப்பவர்களின் தண்ணீரைக் கெடுத்த நிலையங்கள் உண்டு. குறைந்த நீரில் இயங்கும் இயந்திரங்களும், தோலை மக்கவைத்து உரமாக்கும் குழிகளும் சில இடங்களில்தான் வந்திருக்கின்றன. உலக விலை ஏறும்போது கூட்டுறவுக்குச் சோதனை இன்னும் கூடுகிறது. 2025 தொடக்கத்தில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட பருவத்தில் ரொக்கத்தோடு மேட்டுக்கு ஏறிவரும் வியாபாரியிடம் உழவர் பழத்தைக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சென்ற ஆண்டின் இரண்டாம் தவணை சொன்ன நாளில் வந்திருந்தால் மட்டுமே அவர் தயங்குவார்.

ஆகவே ஒரு காபிக் கூட்டுறவை எடைபோட, எத்தனை டன் கழுவியது, எந்தப் பரிசு வென்றது, எந்த நாட்டுக்கு அனுப்பியது என்ற கேள்விகள் போதாது. தராசை உழவர் பார்க்க முடிகிறதா? விற்ற விலையைப் பொதுக்குழுவில் எல்லாருக்கும் புரியும்படி வாசித்தார்களா? இரண்டாம் தவணை எப்போது, எவ்வளவு, ஏன் அவ்வளவு என்பதை மலைமேல் இருக்கும் ஒரு சாதாரண உறுப்பினரால் சொல்ல முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் இடத்தில் எல்லைக் கோடு தேவையில்லை. பக்கத்து ஊரில் புது நிலையம் வந்தாலும் பயமில்லை. அரசுகளும் உதவி நிறுவனங்களும் இனிச் செலவிட வேண்டியது இன்னொரு தொட்டி கட்டுவதற்கு அல்ல. குறைந்த வட்டியில் நடைமுறை மூலதனம், நேர்மையான தணிக்கை, உறுப்பினருக்குக் கணக்குப் படிக்கும் பயிற்சி ஆகிய மூன்றுக்கும் செலவிட வேண்டும். ஊர்ப் பெயர் அச்சிட்ட விலையுயர்ந்த காபிப் பொட்டலத்தை வாங்கும் நாமும், அதன் சுவையைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த ஊர்க்காரருக்கு அதில் எவ்வளவு போனது என்று கடைக்காரரிடம் கேட்போம். பதில் சொல்ல முடியாத பொட்டலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.